தபாலட்டை மாமி

எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வாயாக இருந்தவள் நான்தான். அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி, கடைக்குப் போய்வர மட்டும் போதும். அப்பாவின் ஜெர்மன் அவர் வேலை செய்த உணவகத்தின் சமையலறை வாசலோடு நின்றுவிடும். ஆகவே நாங்கள் இருந்த சுவிஸ் நகரமான வின்டர்தூரில் டாக்டர், பள்ளிக்கூடம், நகரசபை என்று எங்கே போனாலும் நடுக் கதிரையில் என்னை இருத்திவிடுவார்கள். கால் நிலத்தில் முட்டாது. ஆனாலும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

அப்பா ஒரு விதி சொல்லித் தந்திருந்தார். “எல்லாத்தையும் சொல்லாதை பிள்ளை. தேவையானதை மட்டும் சொல்லு.” ஒருமுறை அம்மா தன் முழங்கால் நோவை டாக்டரிடம் விவரித்தார். அது தொடங்கிய நாள், அன்றைக்குக் கொட்டிய பனி, கழுவிய மாடிப்படிகள், யாரோ பூசச் சொன்ன எண்ணெய் என்று பத்து நிமிடம் போனது. நான் டாக்டரின் பக்கம் திரும்பி, “முழங்கால் நோகுதாம்” என்று முடித்துவிட்டேன். டாக்டர் மருந்து எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கெட்டிக்காரி என்றார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இலங்கையில் போர் முடிந்த அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முகாமில் இருந்தார். வெறுமனே இருக்கக் கூடாது என்று அவரைப் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே அப்படிப்பட்ட கடையைப் புரோக்கி என்பார்கள். அதை நடத்தியது ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். மாமாவுக்குப் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்குகிற வேலை. கடையின் பொறுப்பாளரான நரைத்த தலை அம்மையாருக்கு மாமாவை நன்றாகப் பிடித்திருந்தது. மாமாவின் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதம் எங்கள் வீட்டில் சோற்றோடு சோறாகப் பரிமாறப்பட்டது. “அந்த மனிசி நல்ல மாதிரி நாலு வரி எழுதித் தந்துதெண்டால் உவன்ர கேசுக்குப் பெரிய பலம்” என்பார் அப்பா. அம்மா சுவரில் சாமிப் படங்கள் வைத்திருந்த சாமித் தட்டைப் பார்த்துக் கும்பிடுவார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கடிதம் வந்தால் மாமா இருப்பார், வராவிட்டால் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை மாமா ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். புதன் பின்னேரம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பெட்டிக்குள் பழைய தபாலட்டைகள். அந்த நிறுவனத்தை ஆரம்ப காலத்தில் நடத்திய தலைவர்களின் படங்கள். அந்தக் காலத்தில் இவற்றைத் தெருவில் விற்றுத்தான் ஏழைகளுக்குச் சூப் காய்ச்சினார்களாம். கிறிஸ்மஸுக்கு முன் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். பஞ்சால் துடைத்துப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுத் தரும்படி அம்மையார் மாமாவை நம்பிக் கொடுத்திருந்தார்.

அன்றும் அடுத்து வந்த புதன்கிழமைகளிலும் இரண்டு பேரும் அவற்றைத் தரையில் பரப்பி வைத்தோம். தாடி வைத்த ஆண்கள், கழுத்துவரை பூட்டிய கறுப்புக் கோட்டுகள், நாடியில் நாடா கட்டிய தொப்பி போட்ட பெண்கள். யன்னலுக்கு வெளியே பனிப்புகார் மூடியிருந்தது. பகல் எது பின்னேரம் எது என்று தெரியாத வெளிச்சம். வெளியே நின்ற மரங்களும் உள்ளே கிடந்த மனிதர்களும் ஒரே மங்கல் நிறத்தில் இருந்தார்கள். ஹீட்டரின் சூட்டில் பழைய காகிதத்தின் வாசம் எழும்ப, எனக்குக் கண் சொருகும். மாமாவின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை வரும்.

மாமா அவர்களை எல்லாம் எங்கள் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார். நீளத் தாடி, கொடிகாமத்துப் பெரியப்பா. ஒரே இருப்பில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தின்று செத்துப் போனவர். தடித்த கண்ணாடி, சீட்டாட்டத்தில் தோற்ற கோபத்தில் செத்துப் போன சித்தப்பா. குண்டு அம்மா, கிணற்றில் விழுந்து செத்து, மூன்றாம் நாள் ஏறி வந்து தேத்தண்ணி கேட்ட குஞ்சாச்சி. ஒவ்வொரு சாவுக்கும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். படம் எதுவும் இல்லாத எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி நிறையச் சொந்தம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் கதை இல்லை. கிற்றாரை மடியில் வைத்திருந்த ஓர் இளம்பெண். அகலமான நெற்றி, சிரிக்கத் தொடங்கி நிறுத்தியது போன்ற வாய். இது ஆர் என்று கேட்டேன்.

“இவ உன்ர மாமி” என்றார் மாமா.

“இவ எப்பிடிச் செத்தவ?”

மாமா பஞ்சை மாற்றி எடுத்தார். “அது வேறை ஒரு நாளைக்குச் சொல்லுறன்.”

கடைசிப் புதன்கிழமை எல்லா அட்டைகளும் உறைக்குள் போய்விட்டன, அந்த ஒன்றைத் தவிர. மாமா எழுந்து சாமித் தட்டுக்குப் போனார். மோதிரவிரலால் குங்குமத்தைத் தொட்டு வந்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்தார். கொஞ்சமாக இல்லை, வட்டமாக, வடிவாக.

“இப்பத்தான் மாமி நல்ல வடிவு” என்றேன் நான்.

“ஓம்” என்றார் மாமா.

தேத்தண்ணியோடு வந்த அம்மா அதைக் கண்டார். “தம்பி…” என்று மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுவந்த தேத்தண்ணியோடே திரும்பிப் போய்விட்டார். ஒரு சிவப்புப் பென்சில் கோட்டுக்கு என்னை அரை மணித்தியாலம் ஏசுகிற அம்மா, தன் தம்பியை ஒன்றும் சொல்லாதது அநியாயமாகப் பட்டது.

அடுத்த புதன் மாமா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மையார் பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னாராம். மேசையில் அந்த அட்டை கிடந்தது. பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட வெள்ளைத் தாள். அதில் இன்னும் ஒரு வரியும் எழுதப்படவில்லை. மாமாவின் கடிதத்துக்கான தாள் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

அம்மையார் கோபப்படவில்லை. ஆனால் அவர் முகம் கலங்கியிருந்தது. “இது மிகவும் பழைய படம். இந்த ஒரு பிரதிதான் எங்களிடம் இருக்கிறது. இப்போது நெற்றியில் கறை. ஏன் இப்படி ஆனது என்று உன் மாமாவிடம் கேள்” என்றார்.

நான் கேட்டேன். மாமா தொண்டையைச் செருமினார். பிறகு அம்மையாரைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்.

“நான்தான் வைச்சனான் எண்டு சொல்லு பிள்ளை. என்ர மனிசி போயிட்டா. கடைசி நேரம் நான் பக்கத்திலை இல்லை. புருசன் இருக்கப் போறவவுக்கு நெத்தி நிறையக் குங்குமம் வைச்சுத்தான் அனுப்ப வேணும். எனக்கு அது குடுத்துவைக்கேல்லை. அவவின்ர படம் ஒண்டுகூட என்னட்டை இல்லை. இந்தப் பிள்ளையின்ர நெத்தியைக் கண்டவுடனை… இவவுக்கு எண்டாலும் வைப்பம் எண்டு வைச்சிட்டன். பிழைதான். மன்னிக்கச் சொல்லு.”

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஆனால் எனக்கு மாமாவில் கோபம் கோபமாக வந்தது. பலாப்பழம், கிணறு, இப்போது இது. எந்த இடத்தில் விளையாடுவது என்று இந்த மனிதருக்குத் தெரியாதா? வெள்ளைத் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. அட்டையில் இருக்கும் வெள்ளைக்காரியைத் தன் மனைவி என்று கதை விட்டால் அம்மையார் என்ன நினைப்பார்? மாமாவை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும். அப்பாவின் விதி இருக்கவே இருந்தது.

“நான்தான் செய்தேன். விளையாட்டுக்குச் செய்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பேசுகிற சுவிஸ் ஜெர்மனில் ஒரே மூச்சில் சொன்னேன். முகாம் வகுப்பில் மாமா படித்தது புத்தக ஜெர்மன். அவருக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபட்டிருக்காது.

அம்மையார் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டி, ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நட்சத்திர வடிவக் கறுவாப் பிஸ்கட் ஒன்றை எனக்குத் தந்தார். மாமாவுக்கும் ஒன்று நீட்டினார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. நேர்மையானவர், நேரம் தவறாதவர், பழைய பொருட்களைப் பத்திரமாகக் கையாளுபவர் என்று இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். நான் செய்த வீரச் செயலை ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

மாமாவுக்குப் பிறகு விசா கிடைத்தது. இப்போது ஆராவ் என்ற ஊரில் இருக்கிறார், தனியாகத்தான். என் பதினாறாவது வயதில் அம்மா வெங்காயம் உரித்தபடி, ஏதோ கதையின் நடுவில், மாமா வன்னியில் கலியாணம் கட்டி இரண்டு வருடம் இருந்தவர் என்று சொன்னார். செல்லடியில் குண்டுபட்டுப் போனவவின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லையாம். அதைப் பற்றி மாமா ஒருவரோடும் கதைப்பதில்லை என்றார். நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு அழுததைப் போல நான் பிறகு அழவில்லை. மாமாவிடம் உண்மையைச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவும் வரவில்லை.

அவர் கதைத்திருந்தார். ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரிடம்.

பிஸ்கட் கிடைத்த அன்று கடையிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். புகாரில் எதிர்ப்பக்கத்துக் கடைகள்கூடத் தெரியவில்லை. பஸ் வெளிச்சம் தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தபோது மாமா தன் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என்னிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்.

“நல்ல மனிசிதான். ஆனா இஞ்சத்தைச் சனம், செத்தவீட்டைச் சொன்னாலும் சிரிச்சுப்போட்டுப் பிஸ்கட் தருங்கள் போலை.”

வாய் நிறைய இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாமா தன் பிஸ்கட்டையும் என்னிடம் நீட்டினார். நான் அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.