வேலைக்கு ஒரு பூசை

மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மை விழாவுக்காக வளைகுடாவிலிருந்து ராயபுரம் வந்திருந்தேன். வந்த நான்காம் நாள், கம்பெனியை மூடிவிட்டோம் என்று மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கூடவே ஒரு கும்பிடு பொம்மை. பன்னிரண்டு வருட உழைப்புக்கு அதுவாவது கிடைத்ததே.

வேலை போனால் போகட்டும், விசா போகக் கூடாது. வேறொரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் பழைய கம்பெனி சம்மதம் கொடுத்து, புதியவர்கள் விசாவைத் தங்கள் பேருக்கு மாற்றி, விடுமுறை முடிவதற்குள் நான் அங்கே போய் இறங்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுபடி ஏஜென்ட், மறுபடி மெடிக்கல். நாற்பத்தாறு வயதுக்காரனை எவன் புதிதாக எடுப்பான்? மூடிய கம்பெனியில் சம்மதம் கொடுக்க ஆள் தேடித் தினமும் போன் போட்டேன். பயமாகத்தான் இருந்தது.

மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஃபாரின்காரனுக்குத் தனி மரியாதை. அதில் பாதி நான் வாங்கி வரும் தைலத்துக்கு.

எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்தால் யார், எந்தத் தெரு, என்ன வேண்டுதல் என்று மைக்கில் வாசித்துவிடுவார்கள். தெரிந்தும் என் மனைவி எழுதிக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, செத்து முப்பது நாளான ஒருவரின் ஆன்மாவுக்கும் யாரோ வாங்கிய புதுப் படகுக்கும் நடுவே என் பெயர் வந்தது: வேலை இழந்த இவருக்கு வேலை கிடைக்க, மனைவி ஒப்புக்கொடுக்கும் திருப்பலி.

கோயில் வாசலிலேயே, துறைமுகத்தில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளி தோளில் கை போட்டான். "இன்னா மாமு, மைக்குல கேட்டுத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? எண்ணூர் கண்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர் வேலை கீது. நாளைக்கே வா."

விசா இருக்கிறவனுக்கு எண்ணூரா என்று சிரித்து மழுப்பினேன். பக்கத்தில் நின்ற மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கையில், விசா மாறிவிட்டது என்று செய்தி வந்தது. "பாத்தியா, உன் பூசை பலிச்சிடுச்சி. நன்றிப் பூசைக்கும் எழுதிக் குடுத்துடு" என்று போனை அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை.

"உன் விசாவுக்கா நான் பூசை குட்தேன்? இங்கயே ஒரு வேலை கெடைக்கட்டும்னு குட்தேன். கெட்ச்சிது. நீதான் சிரிச்சிகினே வேணாம்னு சொல்லிட்டு வந்த."