கழற்றக் கூடாத மோதிரம்

அருமனை ஊர்க்காரி அபினா ஐந்து மாதம் ஒரு கிரிஸ்டலை வளர்த்தாள். கண்ணாடிக் குவளையில் உப்புக் கரைசல், மேலே ஊசியால் துளையிட்ட தாள், அவ்வளவுதான். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால், குவளை அதிர்ந்து கல் கெட்டுவிடுமோ என்று அவளுக்கு உயிரே போய்விடும். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல் கிடைத்தது. இதற்கா ஆறு வருஷ ஆராய்ச்சி என்பது அம்மா சத்தியபாய்க்குப் பிடிபடவே இல்லை.

"கற்கண்டு செய்யதுக்கா மக்கா இத்தன வருஷம்?" என்பாள்.

சாதாரண வெளிச்சம் அந்தக் கல்லுக்குள் புகுந்து தன்பாட்டுக்கு வெளியே போய்விடும். லேசர் ஒளி கடுமையாக விழுந்தால்தான் விழுந்த இடத்தில் கல்லின் ஒளிவிலகல் எண் மாறும். தட்டையான கல் அந்த நேரத்துக்கு ஒரு லென்சாகி, வந்த ஒளியையே வளைக்கும். ஒளி நின்றால் பழையபடி ஆகிவிடும். எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து எழுதினால் அபினாவுக்கு டாக்டர் பட்டம்.

லேசர் அறைக்குள் வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. பளபளப்பான எதில் பட்டாலும் ஒளி கண்ணுக்குத் திரும்பும். ஆனால் தை மாதம்தான் துபாயில் வேலை பார்க்கும் டெனிஷோடு அவளுக்கு நிச்சயம் நடந்திருந்தது. போதகர் ஜெபித்துக் கொடுத்த மோதிரம்.

"கெட்டு முடியுத வரைக்கும் கழத்தப்பிடாது. குளிக்கும்போதும் கழத்தப்பிடாது," என்று சொல்லிவிட்டாள் சத்தியபாய். கல்யாணத்துக்கு முன்னால் கழற்றினால் அது நின்றுபோகும் என்பது அவளுடைய பயம்.

இயற்பியல் படித்தவள் இதைக் கேட்டுச் சிரித்தாள்தான். ஆனால் கழற்றவில்லை. மோதிரத்தின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏட்டி, உனக்கு வட்டா? கிறுக்கு பிடிச்சிட்டா?" என்றாள் கூட ஆராய்ச்சி செய்யும் ஜிஷா.

"ஒண்ணும் ஆவாது, நீ சும்மா கெட," என்றாள் அபினா.

சித்திரையில் ஒரு நாள் ஏசி வேலை செய்யவில்லை. கை வியர்த்து ஒழுகியது. ஒளியைக் குறைத்து வைத்துக் கல்லைச் சரிசெய்வதுதான் முறை, அவளும் அப்படித்தான் செய்தாள். முழு ஒளி கொடுத்ததும் கணினியில் அளவுக் கோடு கோணலாக வந்தது. குறைந்த ஒளியில் அந்த மாற்றமே வராதே, பிறகு எதைப் பார்த்துத் திருத்துவது? பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் கல்மேல் விழும் லேசரின் பச்சைப் புள்ளியும் தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முழு ஒளியிலேயே கல்லைத் திருப்பக் கையை நீட்டினாள்.

வலியே இல்லை. வலது கண்ணுக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்த இடமெல்லாம் நடுவில் கறுப்பு. கல்லில் ஒரு கீறல் இல்லை. டேப் வியர்வையில் வழுக்கி விரலிடுக்கில் கிடந்தது, மோதிரம் பளபளத்தது.

விழித்திரையின் நடுவில் துளை விழுந்துவிட்டது, துளையை மூடலாம், போன பார்வை திரும்பாது என்றார் கண் மருத்துவர். ஒளி நின்றால் எல்லாம் பழையபடி ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு அதை நம்பவே முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜிஷாவின் தோளில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதாள்.

"மாப்பிள வீட்ல ஒண்ணும் சொல்லண்டாம். வெளிய பாத்தா தெரியாதுல்லா," என்றாள் சத்தியபாய்.

பொய் சொல்லிக் கட்டிக்கொள்ள அபினாவுக்கு மனசு வரவில்லை. டெனிஷை வீடியோவில் கூப்பிட்டாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவன் காதும் முடியும் தெரிந்தன, முகம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்ல பேசிட்டு சொல்லுதேன்," என்றான்.

அவன் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனுடைய மாமா வந்தார். வைத்த சாயாவைத் தொடவில்லை. கல்யாணம் வேண்டாம், நிச்சய மோதிரத்தைத் திருப்பித் தந்தால் நல்லது என்று மரியாதையாகவே சொன்னார்.

சத்தியபாய் தேங்காயெண்ணெய்க் குப்பியோடு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு மக்கா."

மூன்று மாதமாகக் கழற்றாத மோதிரம் விரலில் இறுகிக் கிடந்தது. எண்ணெய் போட்டு அம்மாவே உருவினாள். கழற்றி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.