மாவு மில்லுக்கு வந்த எழுத்துப் பலகை கால்குலேட்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்தது சிலது மறந்தும் போச்சு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். மில் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு உதவும் என்று சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மாவு மில்லில் வேலை பார்க்கிறேன். டப்பாக்களை வாங்கி வைப்பது, முறைப்படி மிஷினுக்குக் கொடுப்பது, அரைத்ததைச் சலிப்பது என் வேலை. மிஷின் ஓட்டுவது ராசேந்திரன். கல்லாவில் முதலாளி. அவ்வளவுதான் ஆட்கள்.

1. வாங்கி வந்தது

முதலாளியின் பழைய கால்குலேட்டர் மாவு ஏறி நின்றுபோனது. வடலூரில் மலிவாகக் கிடைத்தது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தார். புத்தகம் மாதிரித் திறக்கும். ஒரு பக்கம் பட்டன்கள், எதிர்ப்பக்கம் கறுப்புப் பலகை. கூடவே வந்த குச்சியால் எழுதினால் எழுத்து பச்சையாகத் தெரியும். ஒரு பட்டனை அமுக்கினால் மொத்தமும் மறைந்துவிடும்.

"இன்னா முதலாளி, காலேஜ் பசங்க வச்சிக்கினு இருக்கிறதுல்ல இது? மொளகா அரைக்க சைன், காஸ் எல்லாம் வேணுமா?" என்றான் ராசேந்திரன்.

"வெல கம்மிடா. கூட்டல் கழித்தல் இதுலயும் வரும், போ."

வந்தது. ஆனால் சில நேரம் விடையைப் பின்னமாகக் காட்டும். "நேரா சொல்லித் தொலையேன்" என்று முதலாளி அதைத் திட்டுவார்.

எனக்கோ அந்தப் பலகை பெரிய உதவி. நான் கூச்ச சுபாவம், குரல் எழும்பாது. மிஷின் சத்தத்தில் கத்திச் சொல்ல என்னால் ஆகாது. டப்பா மூடியில் சாக்பீஸால் எழுதினால் ஈரக்கை பட்டு அழிந்துவிடும். பலகையில் எது முதலில், எது அடுத்து என்று எழுதிக் காட்டினால் ராசேந்திரன் தலையாட்டுவான். காகிதச் செலவில்லை. கரண்ட் போனாலும் எழுதலாம். குறையும் உண்டு. இருட்டு மூலையில் எழுத்து தெரியாது. டப்பா விளிம்பு உரசினால் கோடு விழும். தப்பாக எழுதிய ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, எல்லாமே போகும்.

2. நீல மூடி டப்பா

மில்லில் ஒரு வழக்கம். மிளகாய் அரைத்தால் இரண்டு கை அரிசியைப் போட்டு ஓட்டி எடுத்த பிறகுதான் அடுத்த மாவு. சத்துமாவுக்குப் பின் சத்துமாவு என்றால் அப்படிச் செய்ய மாட்டோம். காரமா, நிறமா, என்ன ஒட்டிவிடப் போகிறது?

குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ்ச்செல்வி தன் பையனுக்குச் சத்துமாவு அரைக்க நீல மூடி டப்பாவில் தானியம் கொண்டுவந்தாள். என் காதருகே வந்து சொன்னாள்.

"பெரியம்மா, வேர்க்கடலை அரைச்சதுக்கு அப்புறம் இதப் போட்றாதீங்க. துளி பட்டாலே புள்ளைக்கு ஒதடு வீங்கி மூச்சு இழுக்குது. போன தடவ ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்."

'நீல மூடி, கடலைக்கு முன்னால்' என்று பலகையில் எழுதி, ராசேந்திரன் பார்க்கிற இடத்தில் வைத்தேன். அவள் வீட்டுக்குப் போனாள். நான் சல்லடைகளைக் கழுவிக் காயவைக்கப் பின்கட்டுக்குப் போனேன், அரை மணி ஆகிவிட்டது.

அந்த நேரம் முதலாளி ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கை அழிக்க அமுக்கியவர் பலகையை அழிக்கிற பட்டனை அமுக்கிவிட்டார். ராசேந்திரன் வந்து பார்த்தபோது பலகை வெறுமை. டப்பாக்கள் இருந்த வரிசையிலேயே எடுத்துக் கொட்டிவிட்டான்.

நான் திரும்பி வந்தேன். நீல மூடி டப்பாவைக் காணோம். பலகையிலும் எழுத்தில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மிஷின் சுவிட்சை அணைத்துவிட்டேன். அதற்கு முன் நான் அதைத் தொட்டதே இல்லை.

"நீல மூடி எங்கப்பா?"

"அரைச்சாச்சு. ஷிப்ட் முடிஞ்சி வந்த அவ வூட்டுக்காரரு வாங்கிக்கினு போயிட்டாரே."

"அதுக்கு முன்னாடி இன்னா அரைச்ச?"

"இன்னொரு சத்துமாவு. வறுத்த வேர்க்கடலை வாசம் தூக்கலா இருந்துது. ஏன், ரெண்டும் சத்துமாவுதானே?"

"அரிசி போட்டு ஓட்டுனியா?"

"சத்துமாவுக்கு யாரு ஓட்டுவா?"

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி முகம் மாறிவிட்டது. போன் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. "ஏறும்மா வண்டியில" என்றார்.

எனக்கு ப்ளாக் தெரியும், வீடு தெரியாது. அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி. தெருமுனையில் இறங்கி, "தமிழ்ச்செல்வீ!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தார்கள். கரண்டியும் கையுமாக அவள் ஓடி வந்தாள்.

"புள்ளைக்குக் கஞ்சி குடுத்துட்டியாம்மா?"

"இல்லீங்க, இப்பத்தான் ஆறட்டும்னு தட்டுல ஊத்துனேன். ஏன்?"

நடந்ததைச் சொல்லிக்கொண்டே அவளோடு வீட்டுக்கு ஓடினோம். அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வாங்கியாரப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியே?" என்று அவள் கணவர் சத்தம் போட்டார்.

"தப்பு என்னுதுப்பா. அமுக்கக் கூடாதத அமுக்கிட்டேன்" என்றார் முதலாளி.

அவள் கஞ்சியைக் கொட்டிப் பாத்திரத்தை இரண்டு தரம் கழுவினாள். பையன் கஞ்சி வேண்டும் என்று ஊரைக் கூட்டினான்.

"அழுவட்டும் பெரியம்மா. நல்லா மூச்சு வுட்டு அழுவுறான் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு டீ போட்டாள்.

3. பிறகு

மிளகாய் அரைக்க வந்த பாலிடெக்னிக் பெண் ஒருத்தி கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்து, பின்னால் ஒரு சின்னப் பூட்டு இருப்பதைக் காட்டினாள். அதைத் தள்ளிவிட்டால் எழுத்து அழியாதாம். "அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்குமே, படிக்கலியா?" என்றாள். முதலாளி அட்டைப்பெட்டியை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். அழித்தால் நஷ்டமில்லாததை அந்தப் பலகையில் எழுதலாம். உயிர் சம்பந்தப்பட்டதைச் சீட்டில் எழுதி டப்பாவிலேயே கட்டிவிட வேண்டும், ஆளைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லிவிட வேண்டும். பூட்டு இருந்தாலும் அப்படித்தான். அதைவிட முக்கியம், கடலை ஆகாத பிள்ளைக்கான மாவை ஊருக்கே அரைக்கிற மிஷினில் நாங்கள் இப்போது வாங்குவதே இல்லை. தமிழ்ச்செல்வி வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்கிறாள். எங்களுக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி.

இரண்டு கை அரிசி போட்டு ஓட்டினால் கடலைத் தூள் முழுக்கப் போகுமா என்று எனக்குத் தெரியாது. போகாது என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் யாராவது படித்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பூட்டு எல்லா கால்குலேட்டரிலும் இருக்குமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள்.