நேற்று தண்ணீர் வந்ததா?

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற ஆயம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கூலித் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பாரதி என்ற தொண்டு நிறுவனப் பெண் ஒரு கட்டுப் படிவத்தோடு வந்திருந்தாள். குடிநீர், படிப்பு, மருத்துவம் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வோம் என்று உலக நாடுகள் கூடி உறுதி கொடுத்திருக்கின்றன. எவ்வளவு நிறைவேறியது என்று அரசாங்கம் அறிக்கை தரும். சனங்கள் பார்த்ததை எழுதி நாமும் ஒன்று தருவோம் என்றாள். தன் ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுத ஆயம்மாள் பெயர் கொடுத்தாள்.

ஒன்பதாவது வீட்டில், 'குழாய் இருக்கிறதா' என்ற கேள்வியில் பேனா நின்றது. குழாயில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். பாரதிக்குப் போன் போட்டாள்.

"கொழா கீதும்மா. தண்ணி வர்ல. நான் இன்னா எழுதறது?"

"படிவத்துல 'இருக்கு, இல்ல' ரெண்டுதான்க்கா."

"அப்ப ஓரமா எழுதிக்கினு போறேன்."

அறுபத்திரண்டு வீட்டிலும் குழாய் இருந்தது. தண்ணீர் வந்தது பத்தொன்பதில்.

தாளைப் பார்த்த சங்கத் தலைவர் பொன்னுரங்கத்துக்கு அது போதவில்லை. "பால்வாடியும் தொறக்கறது இல்லன்னு சேத்து எழுது. அப்பதான் கேப்பாங்க."

"தெனம் தொறக்குதுண்ணா. என் பேரனே போறான்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"வந்து பாத்தா தெரியும். அப்பறம் தண்ணி வர்லன்னு சொன்னதயும் நம்ப மாட்டாங்க."

அதன்பின் அவர் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. சங்கக் கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளைத் திருத்தவில்லை.

இந்த அறிக்கைக்காகக் கள்ளக்குறிச்சியில் நடந்த கலந்தாய்வுக் கூட்டத்துக்கு ஓர் அரசு அதிகாரியும் வந்திருந்தார். ஆயம்மாள் எழுந்ததும், "உங்க ஊர்ல எதுவுமே நடக்கலையாம்மா?" என்றார் சலிப்பாக.

"நடக்குதுங்க. கொழந்தைங்களுக்கு ஊசி கரெக்டா போடறாங்க. பால்வாடி தொறக்குது. கொழாயில தண்ணிதான் வர்ல. வூடு வூடா பேர் சொல்றேன், எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். நாற்பத்து மூன்று பெயரையும் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

அன்று மாலையே பாரதியின் குழு படிவத்தை மாற்றியது. 'குழாய் இருக்கிறதா' என்பதன் கீழே 'நேற்று தண்ணீர் வந்ததா' என்ற கேள்வி சேர்ந்தது. முடித்துவிட்ட ஊர்களுக்கெல்லாம் திரும்பவும் போனார்கள். வெளிநாட்டில் உலக நாடுகள் கூடிய மாநாட்டுக்குப் போன அறிக்கையில் அந்தக் கேள்வியும் அதன் விடையும் இரண்டு வரியாக இடம்பெற்றன. அதிகாரி பெயர்களை எழுதிக்கொண்டு போன பிறகு ஊரில் கீழத்தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மேலத்தெருவுக்கு இன்னும் இல்லை. பொன்னுரங்கம் வீடு மேலத்தெருவில். அடுத்த கலந்தாய்வுக்குத் தானும் வருவதாக அவரே வந்து சொன்னார்.

இந்த வருஷம் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்க ஆயம்மாள் கல்வராயன் மலைக்குப் போனாள். அங்கே ஒரு பெண் கேட்டாள்: "இத எழுதி என்ன ஆவும்?"

"மொத்தமும் ஆவும்னு சொல்ல மாட்டேன்மா. எங்கூர்ல பாதி ஆச்சி," என்றாள் ஆயம்மாள். அந்தப் பெண் தாளுக்குக் கை நீட்டினாள்.