கல் நின்ற இடம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக வருகிறவர்கள் எங்கள் கரைக் கொலனியில் இறங்கினால், முதலில் கால் வைப்பது நான் கட்டிய பஸ் தரிப்பிடத்தில்தான். அங்கிருந்து டேம் தண்ணீர் வரைக்கும் இறங்குகிற ரோடு நான் வெட்டியது. ரோட்டோரக் கான், மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால், நான் கட்டியது. மேல் மலை ஊற்றிலிருந்து குழாய் இழுத்து வீட்டு வாசலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவன் நான். கரையோரம் வரிசையாக நிற்கிற வீடுகளில் பதினான்கு என் கையால் எழும்பியவை. நான் பிறந்தது லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில். படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படிக்கவில்லை. ஒரு மேசன் பாஸுக்கு, கொத்தனாருக்கு, மணல் சுமந்துதான் தொழில் பழகினேன். லொறி இறங்க முடியாத சரிவில் சீமெந்து மூட்டையைத் தோளில் இறக்கினோம். இரண்டு தடவை மண் சரிந்து சுவரைக் கொண்டுபோனது. மூன்றாம் தடவை கட்டினேன், இன்றைக்கும் நிற்கிறது. "லயத்துப் பையனுக்கு ரோடு ஒரு கேடு" என்று சிரித்தவர்கள் எல்லாரும் அந்த ரோட்டில்தான் கடைசியாகப் போனார்கள். நான் மட்டும் மிச்சம்.

இதைப் பெருமைக்குச் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதைப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும்.

என் வீடு கொலனியிலேயே பெரியது, இரண்டு தட்டு. மேல் தட்டில் மூன்று அறை பூட்டியே கிடக்கிறது. மனைவி இறந்துபோய்விட்டாள். மகள் கொழும்பில், ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். "அப்பா சாப்டிங்களா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. காலையில் தண்ணீர் மேலிருந்து மிஸ்டு என்கிற பனிமூட்டம் ஏறி வந்து ஜன்னலை மூடிக்கொண்டால் பத்து மணி வரைக்கும் எதிர் வீடுகூடத் தெரியாது. அந்த நேரத்தில் நான் ரேடியோவை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கேட்பதற்கு இல்லை. வீட்டில் இன்னொரு குரல் இருக்கட்டும் என்று.

போன மாசம் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எழுதுகிற கொப்பியோடு வந்தார். கொலனி வாசலில் ஊர் வரலாறு எழுதிய பலகை வைக்கப்போகிறார்களாம், அதற்கு விவரம் சேர்க்கிறார். யாரோ என்னைத் தேடி வந்ததே எனக்குச் சந்தோசம். பிஸ்கட் வைத்தேன். மேலே எழுதியதை எல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"தாத்தா, ரோடு வர்றதுக்கு முந்தி இங்க என்னா இருந்திச்சு?"

"தேயில."

"தேயிலைக்கு முந்தி?"

"காடு."

"காட்டுல யாரும் இல்லியா?"

"டீ ஆறுது, குடிங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் போன பிறகு அந்த டீயை நான்தான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. காட்டில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கொலனியில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ரோடு இப்போது வளைகிற இடத்தில் முன்பு ஒரு காட்டு மரமும், அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லும் இருந்தன. எங்களுக்கு அது கவ்வாத்துச் சாமி. தேயிலைச் செடியை வெட்டிக் கட்டையாக்குகிற வேலைதான் கவ்வாத்து. என் அப்பா கவ்வாத்துக்காரர். வேலை தொடங்குகிற அன்றைக்கு ஆட்கள் கத்திகளை அந்தக் கல்லின் முன்னால் பரப்பி, சேவல் அறுத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் முதல் செடியில் கை வைப்பார்கள். காலில் வெட்டு விழாமல் காப்பது அந்தச் சாமி.

நான் ரோடு வெட்டியபோது கல் சரியாக நடுவில் வந்தது. சுற்றிப் போனால் இரண்டு குடும்பத்தின் வாசல் போய்விடும். பெரியவர்களைக் கூப்பிட்டுப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளைதான் வந்தது. அதில் நான் கள்ளம் எதுவும் பண்ணவில்லை. கற்பூரம் கொளுத்தி, மரத்தை வெட்டிவிட்டு, கல்லை நானே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் மேல் மேட்டில் வைத்தேன். டைல்ஸ் போட்டுச் சின்னக் கோயில் கட்டி, ஆடு மாடு நுழையாமல் இரும்புக் கதவு வைத்துப் பூட்டும் போட்டேன். எல்லாருக்கும் திருப்தி. எங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து கப்பலேறி வரும்போது ஊர்ச் சாமியின் பிடிமண்ணை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தவர்கள். இறங்கின இடத்தில் மண்ணைக் கொட்டி, ஒரு கல்லை நட்டு, சாமி வந்துவிட்டது என்றார்கள். சாமி நம்மோடு வரும். எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

கல்லைத் தூக்கிய பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில்லுக் கற்கள் கிடந்தன. கூடை கூடையாக வந்தன. நல்ல உறுதியான கல். வீணாக்குவானேன் என்று கானுக்குப் போட்ட கொங்கிரீட்டில் கலந்துவிட்டேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு மனிதர் அந்தக் கல்லுக்கு நடந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வயல் அறுத்து முடித்த பிறகு வருவார். வருகிற வழியில் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிடுவார். அவ்வளவுதான், தேங்காய் கிடையாது, சேவல் கிடையாது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நம்ம சாமியை நாட்டுக்காரரும் கும்பிடுகிறார் என்று பெருமைதான். சிங்களவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ரோடு போட்ட வருஷமும் வந்தார். நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து, கோயில் கதவைத் திறந்து காட்டினேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் என்னை 'மல்லி' என்பார், நான் அவரை 'அய்யே' என்பேன். தம்பி, அண்ணன் என்று அர்த்தம்.

"பாருங்க அய்யே, எப்பிடி டைல்ஸ்!"

"அழகா இருக்கு மல்லி" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். கும்பிடவில்லை. கொப்பைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி இறங்கினார். ரோட்டு வளைவில் நின்று, காலால் அளக்கிற மாதிரி முன்னே பின்னே நடந்து பார்த்து, நடுத் தாரில் அந்தக் கொப்பைப் படுக்க வைத்துக் கும்பிட்டார்.

"அங்க ஒண்ணுமில்ல அய்யே, சாமி மேல இருக்கு."

"கல்லு மேல இருக்கு" என்றார். "நாங்க கல்லுக்குக் கும்பிடல மல்லி. எங்க ஆளுங்களுக்கு முந்தி இங்க வேடர் இருந்தாங்களாம். செத்தவங்கள இங்கதான் நெனைச்சாங்களாம். அவங்க போன பொறகு எடம் மறந்துடக் கூடாதுன்னு எங்க பழைய ஆளுங்க கல்லு வச்சாங்க. எடம் தெரிஞ்சாப் போதும், கல்லு இல்லாட்டியும் பரவால்ல."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். கோபப்படவில்லை. அவர் நிமிர்கிறபோதே ஒரு ஆட்டோ அந்தக் கொப்பின் மேல் ஏறிப் போனது. ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகும் வருஷா வருஷம் வந்தார். வந்தால் என் வீட்டில் ஒரு டீ குடிப்பார். மனைவி போன பிறகு, பூட்டின வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் அவர் ஒருவர்தான். கடைசி இரண்டு வருஷம் வரவில்லை. டீச்சர் வந்துபோன அந்த வாரம் நானே கம்பை ஊன்றிக்கொண்டு மலை ஏறி அவரைத் தேடிப் போனேன். அவருடைய மகள் வெளியே வந்தாள். அப்பா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்லுவார்கள்?

"கொப்பு வைக்கச் சொல்லிட்டுத்தான் போனாரு மாமா. ஒருக்கா வந்து பாத்தேன். ரோடு முழுக்க ஒரே மாதிரி இருக்கு. எந்த எடம்னு எனக்குத் தெரியல" என்றாள்.

இறங்கி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். எந்த இடம் என்று தெரிந்த ஆள் இனி உலகத்தில் நான் ஒருவன். எனக்கும் மூச்சு முன்போல் இல்லை.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னோடு வந்து கானுக்குப் பக்கத்தில் குந்தி, கொங்கிரீட்டில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைச் சில்லைத் தடவிப் பார்த்தார். "தாத்தா, இது சும்மா கல்லு இல்லியே. அந்தக் காலத்து ஆளுங்க வெட்டுறதுக்குச் சீவி வச்ச சில்லு. நீங்க கூடை கூடையா அள்ளிப் போட்டீங்களா?" என்று தலையில் கை வைத்தார்.

போன வாரம் கொலனிப் பெரிய கோயில் மண்டபத்தில் கூட்டம். பலகைக்கு எழுதினதை வாசித்தார்கள். 'மனித நடமாட்டமே இல்லாத அடர்ந்த காடாக இருந்த இவ்விடத்தை எம் முன்னோர் வெட்டித் திருத்தினர்' என்று தொடங்கியது. மூன்றாவது வரியில் என் பெயர், ரோடு, தண்ணீர். எழுந்து நின்று, முதல் வரி பொய் என்றேன். கல்லின் கதையைச் சொன்னேன்.

"சாமிக்கு டைல்ஸும் போட்டு கேட்டும் போட்டாச்சு. இன்னும் என்னா வேணும், டிவியா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சொல்ல, சனம் சிரித்தது.

கொலனிச் சங்கத்துக்குத் தலைவர் ஒரு வேன்காரர், எனக்குத் தூரத்து உறவு. அவர் சிரிக்கவில்லை. "பெரியப்பா, வீடு தந்துட்டாங்க, ஆனா நெலத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரல. வேற ஆளுங்கதான் முதல்ல இருந்தாங்கன்னு நாமளே எழுதி வச்சா, நாளைக்கு எவனாவது பலகையப் படம் புடிச்சிக்கிட்டு கவர்மெண்ட் கச்சேரி ஆபிசுக்குப் போவான். அப்ப நாங்க எங்க போறது? திரும்பக் கப்பலா?"

அந்தப் பயம் எனக்குத் தெரியாததில்லை. அந்தப் பயத்தில்தானே டீச்சரிடம் டீயைப் பற்றிப் பேசினேன்.

"அந்த மனுசன் எத்தனையோ வருசம் வந்தாருடா. ஒரு கொப்புதான் வச்சாரு. ஒரு பேர்ச், ஒரு துண்டுக் காணி கேட்டாரா?"

"இவரு கேக்கல. கேக்குறவன் வருவான்."

கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னார். கீழே ஒரு வரி சேர்க்கலாம்: 'வளைவில் பழங்குடி மக்களின் வழிபாட்டு இடம் ஒன்று இருந்தது, வீதி அமைக்கப்பட்டபோது கல் மேட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.' தலைவர் அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "சரி, ஆனா பெரியப்பா பேரு ரோட்டோட நிக்கட்டும். அந்த வரியில வேணாம். அவருக்கும் மரியாத, நமக்கும் தொல்ல இல்ல" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

நான் மட்டும் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். பேசுவதற்கு ஆள் இல்லாததால் இப்படி எழுதுகிறேன்.

இடம் இதுதான். பஸ் தரிப்பிடத்தின் கீழ்ப் படியிலிருந்து என் நடைக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு. இடது பக்கக் கானிலிருந்து தாருக்குள் நான்கு எட்டு. நேற்று அதன் நேரே கான் சுவரில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அய்யேயின் மகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். யாரும் அழிக்கக் கூடாது.

பலகைக்காரர்களே, ரோட்டை எழுதும்போது என் பெயரை எழுதுகிறீர்கள். கல்லை எழுதும்போது மட்டும் யாரோ வந்து தூக்கிப்போன மாதிரி எழுதுகிறீர்கள். அதைத் தூக்கிய கை இதுதான். அந்தப் பாரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று அறிந்தும் சொல்லாதிருந்த வாயும் இதுதான். நல்லதை என் கணக்கிலும் மற்றதை ஊர் பேர் தெரியாதவன் கணக்கிலும் போட உங்களுக்கு யார் அனுமதி தந்தது? கடைசி வரியிலும் என் முழுப் பெயரைப் போடுங்கள், அப்பா பெயரோடு, அதே அளவு எழுத்தில். முடியாதென்றால் மூன்றாவது வரியிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.