இரண்டு அம்புகள்

எனக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். கணக்கு எனக்கு நன்றாகவே வரும். சார்பு என்கிற ஒரு பாடம்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்பு, எழுபதுகளின் கடைசி. வரைபடத்தாளைத் தொடும் முன் அம்புக்குறிப் படம் பழக வேண்டும் என்றார் புதிதாக வந்த கணக்கு டீச்சர். கரும்பலகையில் இரண்டு வட்டம். ஒவ்வொருத்தியும் இடது வட்டத்தில் தன் பெயரையும் வலது வட்டத்தில் அம்மா பெயரையும் எழுதி, தன்னிடமிருந்து அம்மாவுக்கு ஒரு அம்பு போட வேண்டும். இடப்பக்கம் அம்பில்லாமல் யாரும் நிற்கக் கூடாது. ஒருத்தியிடமிருந்து இரண்டும் கிளம்பக் கூடாது. அப்போதுதான் அது சார்பு. எங்கள் வகுப்பு இரட்டையர் இருவரும் ஒரே அம்மாவுக்குப் போட்டார்கள். வந்து சேருகிற இடம் ஒன்றாக இருந்தால் தப்பில்லை என்றார் டீச்சர்.

நான் போய் வலது வட்டத்தில் இரண்டு பெயர் எழுதி இரண்டு அம்பு போட்டேன்.

அப்பாவின் முதல் மனைவியான பெரியம்மைக்குப் பிள்ளை இல்லை. தன் தங்கையையே அப்பாவுக்குக் கட்டி வைத்தாள். தங்கை பெற்ற ஒரே பிள்ளை நான். என்னைக் குளிப்பாட்டியது, சடை பின்னியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் பெரியம்மைதான்.

டீச்சருக்கு அது எங்கே தெரியும்? "இது சார்பு இல்லம்மா, ஒண்ணை அழி" என்று டஸ்டரை நீட்டினார்.

"பெத்தவளுக்கு மட்டும் போடுட்டி" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. அவளை அடிக்கலாம் போல இருந்தது. டஸ்டரோடு அப்படியே நின்றேன். நல்லவேளை, மணி அடித்துவிட்டது. நாளைக்கு வந்து சரிசெய் என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். புளி கரைத்துக்கொண்டிருந்த பெரியம்மை நிமிரவில்லை.

"பெத்தவளுக்குப் போடு மக்கா. எனக்குப் போட்டதுதான் தப்பு."

அம்மா அம்மியை விட்டு எழுந்து வந்தாள். "என்னக்கா பேசுத? ஏட்டி, நீ பெரியம்மைக்குப் போடு. நான் பெத்ததோட சரி."

"ஊருக்குத் தெரியாதா யாரு பெத்தான்னு?"

"வளத்தது யாருன்னும் தெரியும்லா?"

ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்ததில் எனக்கு ஒரு அம்புகூட மிஞ்சவில்லை. அம்பே இல்லையென்றாலும் சார்பு கிடையாதே! எரிச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கரைய ஒன்றுமில்லாத புளிச் சக்கையைப் பெரியம்மை பிசைந்துகொண்டே இருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படத்தைப் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் வட்டங்களையே மாற்றிப் போட்டேன். இடப்பக்கம் அவர்கள் இருவரும், வலப்பக்கம் நான். பெரியம்மையிடமிருந்து ஒரு அம்பு, அம்மாவிடமிருந்து ஒரு அம்பு. இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. விதி எங்கும் உடையவில்லை. இரட்டையர் இருக்கிற எங்கள் வகுப்புக்கு இது உதவாது, அவர்கள் அம்மாவிடமிருந்து இரண்டு அம்பு கிளம்பிவிடும். எங்கள் வீட்டுக்குப் போதும்.

பெரியம்மையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

தொட்டுக் காட்டினேன்.

"இந்தக் கோடு?"

"உன்கிட்ட இருந்து என்கிட்ட வருது. ஒருத்திக்கு ஒரு பிள்ளை. கணக்கு சரியா இருக்கு."

அவள் குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப நான் தப்பு இல்ல, என்ன மக்கா?" என்றாள்.