சுட்டி ஆற்றில் இறங்கிய காலை

பன்னீர்ப் புகையிலையின் வாசம் பலருக்குக் கல்யாண வீட்டை நினைவூட்டும். எனக்குக் குமட்டும். வாய் நிறைய அதை அடக்கிக்கொண்டு, சிந்திவிடாமல் இருக்கத் தலையை அண்ணாந்து "கொழகொழ"வென்று பேசி முடித்து, பிறகு சுவர் என்றும் வைக்கோல் என்றும் தண்ணீர்த் தொட்டி என்றும் பார்க்காமல் நின்ற இடத்திலேயே "புளிச்"சென்று துப்புகிற ஒரு மனிதரிடம் என் அப்பா வேலை பார்த்தார். பந்தல் அண்ணாச்சி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் துப்பிய தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது பள்ளி விடுமுறைகளில் என் வேலை. கழுவாத தொட்டியில் குதிரைகள் வாய் வைக்காது. குதிரைகளுக்கு இருந்த கூச்சம் அந்தக் கொட்டகைக்கு வந்துபோன ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருந்ததில்லை.

அண்ணாச்சிக்கு வண்ணார்பேட்டையில் பந்தலும் லைட் செட்டும் வாடகைக்கு விடும் கடை. மாப்பிள்ளை அழைப்புக்கென்று ஒரு வெள்ளைக் குதிரையும் வைத்திருந்தார். அதற்குக் கண் மங்கத் தொடங்கியதும், மூன்று வயதுகூட நிறையாத ஒரு பெண் குதிரையை எங்கிருந்தோ பிடித்துவந்து, சேரன்மகாதேவிக்கு வெளியே வயலை ஒட்டி அவருக்கு இருந்த கொட்டகையில் கட்டினார். அப்பா வளைகுடா நாட்டில் ஒரு பணக்காரரின் லாயத்தில் பல வருடம் குதிரை பார்த்தவர். அங்கே ஒரு குதிரையிடம் இடுப்பில் உதை வாங்கி ஊருக்குத் திரும்பியவர். நடக்கிற குதிரையில் அவரால் உட்கார முடியும், துள்ளுகிற குதிரையில் முடியாது. அதனால் புதுக்குதிரையின் முதுகுக்கு முதன்முதலில் பழக்கமானது என் எடைதான். அப்போது ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

அவள் செம்மண் நிறம். நெற்றியில் வெள்ளையாக ஒரு சுழி, சுட்டி கட்டியது போல. அப்பா அவளைச் "சுட்டி" என்றே கூப்பிட்டார். என் உள்ளங்கையில் மூக்கை வைத்து மூச்சு விட்டால் கை ஈரமாகும். அந்த ஈரத்தை நான் பாவாடையில் துடைத்ததில்லை. பிளாஸ்டிக் பை பறந்தால் மிரளுவாள், தன் நிழலைப் பார்த்து மிரளுவாள், பிறகு மிரண்டதற்கு வெட்கப்பட்டவள் போல என் தோளில் தலையை இடிப்பாள்.

வைகாசி பிறந்ததுமே அண்ணாச்சி அவசரப்படத் தொடங்கினார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு இவ மேல மாப்பிள்ளய ஏத்தணும். சும்மா கொட்டகைக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தா எப்ப வே பழகும்?" என்றார்.

"எலும்பு இன்னும் முத்தல அண்ணாச்சி. வெளி உலகத்தயே பாக்காத குட்டி. மொதல்ல ரோடு பாக்கட்டும், தண்ணி பாக்கட்டும். பைய பழக்குதேன்" என்றார் அப்பா.

"அப்ப நாளைக்கே கூட்டிட்டுப் போ. ஆத்தக் காட்டு. நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு, சுட்டி தின்றுகொண்டிருந்த புல்லின் மேலேயே துப்பினார். அவள் மூக்கைச் சுருக்கித் தலையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அந்த முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் முகமும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் அம்மா, "பொட்டப்புள்ளைய குதிரை மேல ஏத்தி ஊருக்கு வேடிக்கை காட்டப் போறியளா?" என்று சண்டை பிடித்தாள். பிடித்துக்கொண்டே என் தலையை இறுக்கிப் பின்னி, கால் சிராய்க்கக் கூடாதென்று மாமாவின் பழைய கால்சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அப்பா வெள்ளைக் குதிரையில் முன்னால் போக, அதன் வாலைப் பார்த்தபடி சுட்டியும் அவள் மேல் நானுமாகக் கிளம்பினோம். அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

வயல் வரப்பை ஒட்டிய வண்டிப் பாதையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கொக்கு எழுந்து பறந்தபோது சுட்டியின் தோல் அலையாகச் சிலிர்த்தது, ஆனால் நிற்கவில்லை. அப்பா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வளைகுடாவிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாதை கால்வாய்க் கரையில் ஏறியதும் நாற்றம் வந்தது. கறிக்கடைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட கோழிக்கழிவு மூட்டைகள் வெடித்து, குடலும் இறகுமாகக் கரையில் வழிந்து கிடந்தன. அதன் மேல் ஈக்கள் ஒரு போர்வை போல மூடியிருந்து, நாங்கள் நெருங்கியதும் மொத்தமாக எழுந்து மறுபடி மொத்தமாக அமர்ந்தன. குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய "டயப்பர்"கள் தண்ணீரில் ஊறிப் பெருத்து, மதகில் அடைத்துக்கொண்டிருந்தன. மரத்தடியில் குடித்துவிட்டு உடைத்த பாட்டில்கள். அப்பா இறங்கி, சுட்டியின் குளம்பில் குத்திவிடாமல் கண்ணாடித் துண்டுகளைச் செருப்புக்காலால் தள்ளித் தள்ளி வழி செய்துகொண்டே நடந்தார். அவருடைய இடுப்புக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நான் மூக்கைப் பொத்தக் கையை எடுத்தால் கடிவாளம் தளரும் என்பதால் வாயால் மூச்சு விட்டேன். வாயில் ஒரு ஈ புகுந்தது.

பின்னாலிருந்து அண்ணாச்சி, "என்னவே, ஊர்வலம் மாதிரி போறிய?" என்றார். அந்தக் குடலும் பாட்டிலும் அவர் கண்ணில் படவே இல்லை.

படித்துறைக்குப் பக்கத்தில், மாடு இறக்குவதற்காகச் சரிவாக விட்டிருந்த இடத்தில் ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம். மருத மரங்கள், அகன்ற தண்ணீர், அக்கரையில் பச்சை வயல். தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டர் படம்தான். கிட்டே போனால் தண்ணீருக்கடியில் துணி. பரிகாரம் என்றும் தோஷம் என்றும் குளித்துவிட்டுக் கழற்றிப் போட்டவை. சேலை, வேட்டி, உள்பாவாடை, குழந்தைச் சட்டை எல்லாம் பாசி பிடித்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, ஓட்டத்தில் பெரிய நாக்குகளைப் போல அசைந்துகொண்டிருந்தன. தங்கள் பாவத்தை ஆற்றில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இட்டிலி தின்றிருப்பார்கள்.

வெள்ளைக் குதிரை பழக்கப்பட்டது. நேராக இறங்கி நின்றது. சுட்டி கரையில் கால் ஊன்றிக்கொண்டாள். கழுத்தை நீட்டித் தண்ணீரை முகர்ந்தாள், பின்வாங்கினாள், மறுபடி முகர்ந்தாள்.

"அவள அவசரப்படுத்தாதட்டி. அங்கனயே நிக்கட்டும். அவளா வருவா" என்றார் அப்பா.

அவளாக வந்திருப்பாள். முன்னங்கால் ஒன்றை எடுத்து, தண்ணீரைத் தட்டிப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் அண்ணாச்சி வண்டியைக் கொண்டுவந்து அவளுடைய பின்னங்காலுக்கு ஒட்டி நிறுத்தி, ஹாரனை விடாமல் அழுத்தி, செருப்பைக் கழற்றி அவள் பிட்டத்தில் ஓங்கி அடித்தார்.

சுட்டி பாய்ந்தாள். ஆழமே இல்லாத இடம்தான். ஆனால் விழுந்த கால்கள் துணிக்குள் விழுந்தன. இழுக்க இழுக்கச் சேலை இறுகியது. அவள் பக்கவாட்டில் சாய, நான் தண்ணீருக்குள் போனேன். கண்ணைத் திறந்தால் பழுப்பு. முகத்தில் ஏதோ வழவழவென்று ஒட்டியது, வாய்க்குள்ளும் வந்தது. யாரோ உடுத்திக் கழற்றிய துணி அது என்று அந்த நொடியில் தோன்றியதை இன்னும் என்னால் துப்பித் தீர்க்க முடியவில்லை.

அப்பா என்னைத் தலைமுடியைப் பற்றித் தூக்கிக் கரையில் போட்டுவிட்டுச் சுட்டியிடம் ஓடினார். அவள் தலை தண்ணீரில் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. படித்துறையில் எட்டுப்பத்து ஆண்கள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரே ஒருத்தி வந்தாள். ஆற்றிலிருந்து துணிகளைக் கரையேற்றிக் காயப்போட்டு விற்கிற பெண். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து, குதிரையின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த அரிவாளை அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க அறுங்கண்ணே. மூக்குக்குத் தண்ணி போகாம நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள்.

அப்பா துணியை அறுத்தார். ஒவ்வொரு பட்டையாக அறுந்தது. சுட்டி எழுந்து நின்றபோது பின்னங்காலில் தோல் உரிந்து வெள்ளை தெரிந்தது. உடம்பெல்லாம் நடுங்க, பயத்தில் சாணி போட்டாள். அதைப் பார்த்ததும்தான் படித்துறையில் உயிர் வந்தது.

"ஏய், புண்ணிய தீர்த்தத்துல குதிரைய இறக்கி அசிங்கப்படுத்துதியளே, அறிவிருக்கா?" என்று ஒருவர் கத்தினார். அவர் கழற்றிவிட்ட வேட்டி அவருடைய முழங்காலைத் தாண்டி ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

துணிக்காரப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு அந்த வேட்டியை எட்டிப் பிடித்துப் பிழிந்து, தன் குவியலில் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி தண்ணீர் படாத இடத்தில் நின்றபடி கேட்டது ஒரே கேள்விதான்: "மூஞ்சில அடி கிடி படலேல்லா? மூஞ்சி முக்கியம் வே." நான் அவர் பக்கத்தில்தான், வாந்தி எடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைக் கேட்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அப்பா அரிவாளைக் கழுவி அந்தப் பெண்ணிடம் கொடுத்துக் கும்பிட்டார். இரண்டு குதிரைகளையும் கையில் பிடித்து, என்னை வெள்ளைக் குதிரையில் ஏற்றி, வேறு பாதையில், ரொம்பச் சுற்றி, கொட்டகைக்கு நடந்தார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்: "இனி அவன்ட்ட நான் வேலைக்கு இல்லட்டி. ஆனா இவ கால் ஆறுத வரைக்கும் போணும்."

அப்படியே போனார். சம்பளம் இல்லாமல் காலையும் மாலையும் போனார், நானும் போனேன். காயத்தில் புழு வைத்தது. வேப்பெண்ணெய் விட்டால் அவை தலை நீட்டும். குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அது எனக்கு அருவருப்பாகவே இல்லை. புழு தன் பாட்டுக்குத் தின்கிறது, அவ்வளவுதான். அப்போதும் அண்ணாச்சி வாசலில் நின்று துப்புகிற சத்தம் கேட்டால் குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வேன்.

காயம் ஆறித் தோல் மூடிய வாரத்தில் ஒருநாள் போனபோது கொட்டகையில் வெள்ளைக் குதிரை மட்டும் நின்றது. சுட்டியின் நெற்றிச் சுழி ராசியில்லாத சுழி என்று யாரோ சொன்னார்களாம்; அண்ணாச்சி அவளை வெளியூர் வியாபாரியின் லாரியில் ஏற்றிவிட்டாராம். வாங்கும்போது அதே சுழியைக் காட்டித்தான் அதிர்ஷ்டக் குதிரை என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அப்பா சுட்டியின் கட்டுத்தறியைப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினார். பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார். குதிரையை மறுபடி அவர் தொடவில்லை.

போன மாதம் பந்தல் அண்ணாச்சி இறந்துபோனார். நான் வரவில்லை என்றேன். "செத்த வீட்டுக்குப் போகாம இருக்கக் கூடாதுட்டி" என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் கூட்டிப்போனேன். வழியில் சேரன்மகாதேவியில் இறங்கிப் பார்த்தோம்: கொட்டகை இருந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வண்டிப் பாதை இல்லை. மாடு இறக்கும் சரிவு வேலிக்காத்தான் முட்புதருக்குள் மறைந்துவிட்டது. அந்தத் துணிக்காரப் பெண்ணை அறிந்தவர்கள் யாரும் இல்லை. துணி மட்டும் அப்படியே ஆற்றில் கிடக்கிறது.

அண்ணாச்சி வீட்டு வாசலில் ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலிப் பலகை. "குதிரைகளின் காவலன்" என்று எழுதி, அண்ணாச்சி ஒரு குதிரையின் கழுத்தில் கை போட்டு நிற்பது போலப் படம். பிடரி மயிர் காற்றில் பறக்கிற, பனிமலைக்கு முன்னால் நிற்கிற குதிரை.

"இது எந்தக் குதிரை தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"நெட்ல எடுத்தோம் மாமா" என்றான் அண்ணாச்சியின் மகன். "நம்ம குதிரைய யாரும் போட்டோவே எடுக்கல. இதுன்னா பாக்கதுக்கு நல்லாருக்குல்லா?"

அப்பா மாலை போட்டார், கும்பிட்டார், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பேருந்து கிளம்பி வெகுநேரம் கழித்து, சன்னலைப் பார்த்தபடி, "சுட்டிக்கு இடது பின்னங்கால்தானட்டி?" என்றார்.

"ஆமாப்பா. இடதுதான்."

"ஆமா. புண்ணு ஆறுன எடத்துல ரோமம் வெள்ளையாத்தான் மொளச்சிருக்கும்" என்றார்.